மேலூர் வரிசையில் எறும்புகள்

"அம்மா, இந்தச் சட்டைக்குள்ள நான் எங்க இருக்கேன்?"

ஃபாமாவின் மகள் சின்ன வயதில், ஒரு பெருநாள் காலையில் கேட்ட கேள்வி அது. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு கூட்டி வாங்கிய புதுச் சட்டை. உள்ளே குழந்தை, வெளியே சட்டை மட்டும். ஃபாமா சிரித்து, முத்தம் கொடுத்து, தொழுகைக்குக் கூட்டிப் போய்விட்டாள். அந்த மகள் இப்போது தெத்துவான் நகரத்தில் மருந்துக்கடை நடத்துகிறாள். கேள்வி மட்டும் ஃபாமாவின் மனசின் மூலையில் அப்படியே இருந்தது.

காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்துக்கொண்டிருந்த ஃபாமா, வேலையை விட்ட பிறகு மலைநாட்டு மக்களின் வழக்குகளைத் துப்பறிய ஆரம்பித்திருந்தாள். அவளை எங்கும் கொண்டுபோவது அய்யாஷியின் பழைய மெர்சிடிஸ் டாக்சி. டாக்சியோடு அய்யாஷியின் வாயும் இலவசமாக வரும்; பெண்களை மரியாதையாக அழைக்கும் 'லல்லா'வோடுதான் அது ஆரம்பிக்கும்.

"லல்லா, நோன்பு நேரத்துல வழக்கு எடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? பசியில எனக்கு எல்லாருமே குத்தவாளியாத் தெரியுறாங்க."

"நேத்து சாப்பிட்ட பிறகும் அப்படித்தான் சொன்ன."

"அது செரிமானக் கோளாறு."

கார் பாப் பெர்ரெத் ஊரைத் தாண்டி மண் பாதையில் ஏறியது. மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில் ஒன்று வெயிலில் மின்னியது. வாசலில் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஹாஜ் துஹாமி, கம்பளி ஜெல்லாபா அங்கியோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மருந்துக் கம்பெனிக்காக அரசாங்க அனுமதியோடு கஞ்சா வளர்க்கும் சங்கம் அது. அதே செடிக்காக ஒரு காலத்தில் போலீசுக்குப் பயந்து காட்டில் ஒளிந்த மலை, இப்போது ரசீது போட்டு அதை விற்கிறது. அந்த அனுமதிச் சீட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைக்காத வீடு அங்கே இல்லை.

"நாளைக் காலையில அரசாங்க ஆய்வாளர் வர்றார், லல்லா ஃபாமா. அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும். யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். ஆதாரம் மட்டும்தான் பாக்கி."

"பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க, ஹாஜ்," என்றான் அய்யாஷி. "பாதிக் கூலி போதுமா?"

ஹாஜ் சிரிக்கவில்லை. குடிலின் கதவைத் திறந்தார்.

நடுவில் நடைபாதை. இரண்டு பக்கமும் கிளையாக வெட்டி நட்டு வேர்பிடித்த கஞ்சாப் போத்துகள். வலப்பக்கம் நீலக் கம்பளி நூல் கட்டிய கீழூர்ச் செடிகள். உள்ளங்கை அகலத்துக்குச் சின்னத் தொட்டிகள், நிமிர்ந்து நிற்கும் இலைகள். இடப்பக்கம் சிவப்பு நூல் கட்டிய மேலூர்ச் செடிகள். வாளி அளவுக்குப் பெரிய தொட்டிகள், மஞ்சள் பூத்துத் தொங்கும் இலைகள்.

"பாருங்க. அந்தப் பக்கம் கல்யாண வீடு. இந்தப் பக்கம் மையத்து வீடு. ஒரே தாய்ச்செடியில வெட்டின போத்து, ஒரே கூரை. அதுங்களைப் பாத்துக்குறது ரஹீமோ. அவ கீழூர்க்காரி, புருஷன் ஒரு வருஷம் போலீசுக்குப் பயந்து காட்டுல ஒளிஞ்சு கிடந்தவன். நான் மேலூர்க்காரன். இதுக்கு மேல என்ன வேணும்?"

குடிலின் கோடியில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி மண் கலந்துகொண்டிருந்தாள். வைக்கோல் தொப்பி, இடுப்பில் கோடு போட்ட சிவப்புத் துணி. அவள்தான் ரஹீமோ. தன் பெயரைக் கேட்டும் நிமிரவில்லை.

"பெரிய தொட்டி யார் வாங்கினது, ஹாஜ்?" என்று ஃபாமா கேட்டாள்.

"நான்தான். ஆய்வாளர் வந்தா கண்ணு நிறையணும்ல? இவ வேண்டாம் வேண்டாம்னு கிடங்குல போட்டு வச்சிருந்தா. நான் தினம் சொல்லிச் சொல்லி, கடைசியில ஒரு சந்தை நாள் கழிச்சு வந்து பாத்தா மேலூர்ச் செடியெல்லாம் பெரிய தொட்டிக்கு மாறியிருக்கு. சந்தோஷப்பட்டேன். அப்புறந்தான் புரிஞ்சுது. மாத்தும்போது மண்ணுல எதையோ கலந்திருக்கா."

"தண்ணி?"

"மேலூர்ச் செடிக்கு நானே ஊத்துறேன். அவள நம்பி விடுவேனா?" ஹாஜின் குரல் தாழ்ந்தது. "நாளைக்கு ஆய்வாளர்கிட்ட எழுதிக் குடுத்துடுவேன். அனுமதிப் பட்டியல்லருந்து அவ பேரு போயிடும். பாவம்தான். ஆனா மேலூர்ல பன்னெண்டு குடும்பம் இருக்கு."

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஹாஜ் போய்விட்டார்.

ஃபாமா ரஹீமோவின் எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"நீ விஷம் வச்சியா?"

"இல்ல, லல்லா. அல்லாஹ் அறிவான்."

"தொட்டி மாத்தினது நீதானா?"

ரஹீமோ கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். பச்சைப் பூ வரைந்த, விளிம்பு உடைந்த கிண்ணம், நோன்பு திறக்க ஹரீரா சூப் ஊற்றுவது. அதில்தான் மண்ணை அளந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹாஜ் சொல்றாரே."

"ஹாஜ் சொல்றத ஹாஜ் சொல்லியாச்சு. நீ சொல்லு."

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல, லல்லா."

அய்யாஷி ஃபாமாவின் காதோரம் குனிந்தான். "ஒண்ணு, இவ செஞ்சிருக்கணும். இல்ல, செஞ்ச ஆள் இவளுக்கு உசத்தி."

"உனக்குப் பசிச்சா மூளை வேலை செய்யுது. இனிமே உன்னைப் பட்டினி போட்டுத்தான் கூட்டிட்டு வரணும்." ஃபாமா ரஹீமோவிடம் திரும்பினாள். "சரி, அத விடு. ஏன் இவ்வளவு சின்னத் தொட்டி? எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லிக் குடு."

அந்தப் பெண்ணின் முகத்தில் முதன்முறையாக வெளிச்சம் வந்தது.

"இப்பத்தானே வேர் வந்திருக்கு, லல்லா. முடி மாதிரி நாலு வேர். இந்தக் கிண்ணத்துல ஒண்ணு போட்டா நிறையுற தொட்டி போதும். வேர் ஓடிப் போய்ச் சுவரைத் தொடும். தொட்டதும் திரும்பி வந்து பக்கத்துல பக்கத்துல கிளைக்கும். உள்ள நல்லா வலை பின்னின பிறகு அடுத்த தொட்டி. அப்புறந்தான் நிலம்."

"இந்தப் பழுப்புத் தூள்?"

"தேங்காய் நார்த்தூள். அதுல உப்பு இருக்கும், நல்லாக் கழுவித்தான் போடணும். கூட இந்த வெள்ளைப் பொரிக்கல்லு. தண்ணி நிக்காது, வேருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். தென்னை மரத்த நான் கண்ணால பாத்ததில்ல. அதோட தூசியிலதான் என் பொழைப்பு."

அய்யாஷி மூட்டையைத் திருப்பிப் பார்த்தான். "இது எந்த ஊரு எழுத்து? யாரோ ஷெபாக்கியாப் பலகாரத்தச் சுத்திச் சுத்திப் பிழிஞ்சு வச்ச மாதிரி இருக்கு. இதப் பாத்தாலே நோன்பு முறிஞ்சிடும் போல."

ஃபாமா எழுந்து மேலூர் வரிசைக்குப் போனாள். பெரிய தொட்டி ஒன்றைச் சாய்த்து, செடியை மெல்ல உருவினாள். காட்டுக் கறுப்பு மண்ணும் ஆட்டு எருவும் களிபோல் வந்தது. குளிர்ந்து, கனத்து, அழுகின வாடை. அதன் நடுவில் எலுமிச்சை அளவுக்குத்தான் பழைய வேர்க்கட்டி. வேர்களின் நுனி பழுப்பாக மாறியிருந்தது. எதிர்ப்பக்கத்துக் கீழூர்ச் செடியில் ஒன்றை உருவினாள். தொட்டியின் வடிவத்திலேயே வெள்ளை வலை ஒன்று மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தது.

"இதுல விஷம் வாடை இல்ல," என்றாள் ஃபாமா. "அய்யாஷி, விஷம் வைக்க வந்தவன் எப்படி நடுவான்?"

"அவசர அவசரமாக் குழி தோண்டி, திணிச்சிட்டு ஓடுவான்."

"இதப் பாரு. ஒவ்வொரு செடியும் நேரா நிக்குது. சுத்தி மண்ண விரல் நுனியால அழுத்தியிருக்கு. தொட்டில்ல குழந்தைய வச்ச மாதிரி. இத நட்டவங்களுக்கு இந்தச் செடி மேல கொள்ளை ஆசை."

"ஆசையில கொல்றதும் உண்டு, லல்லா. என் மாமியார் சமைச்சுப் போடுறத நீங்க சாப்பிட்டதில்ல." அவன் திடீரென்று குனிந்தான். "என்ன அநியாயம் இது! நான் பட்டினி, இதுங்க விருந்து சாப்பிடுது!"

எறும்புகள். மேலூர்த் தொட்டிகளில் மட்டும். அவை செடியில் ஏறவில்லை, மண்ணிலும் இறங்கவில்லை. ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் எதிரெதிரே இரண்டு இடத்தில் மட்டும் மொய்த்தன. ஃபாமா தன் இரண்டு கைகளையும் விளிம்பில் வைத்துப் பார்த்தாள். தொட்டியைத் தூக்க, கட்டைவிரல் பதியும் இடங்கள் சரியாக அவைதான். குனிந்து முகர்ந்தாள். தேன். ஆரஞ்சுப்பூ நீர். விளிம்பில் வறுத்த எள் ஒன்று ஒட்டியிருந்தது.

"நாக்குல வச்சுப் பாத்துடலாமா?" என்றான் அய்யாஷி ஆசையாக.

"நோன்பு."

"சரி. நமக்காக எறும்பு வச்சுப் பாத்துடுச்சு. ஷெபாக்கியா. தேன்ல ஊறினது. சாட்சி பலமான சாட்சி."

ஃபாமா திரும்பாமலே கேட்டாள். "ரஹீமோ, உங்க வீட்ல ஷெபாக்கியா போட்டாச்சா?"

"இந்த வருஷம் நாங்க யாரும் போடல, லல்லா. மேலூர், கீழூர் எல்லாத்துக்கும் ஹாஜ் வீட்லயே..."

ரஹீமோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிண்ணத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடினாள்.

"லல்லா," என்றாள் கெஞ்சும் குரலில். "நான்தான் மாத்தினேன்னு எழுதிக்குங்க. மாத்தினது தப்புன்னா நான் தண்டனை வாங்கிக்குறேன். அங்க போகாதீங்க."

பொய் சொல்லிப் பழியை அடுத்தவர் மேல் போடுகிறவர்களை ஃபாமா நிறையப் பார்த்திருக்கிறாள். பொய் சொல்லிப் பழியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறவர்களை அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் எதிரே வரும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

"நோன்போட இன்னொரு பொய் சொல்லாத, ரஹீமோ. நான் பாத்துக்குறேன்."

*

ஹாஜ் வீட்டு அடுப்படி நிறைய எண்ணெய் மணமும் தேன் மணமும். ஹாஜின் மனைவி ஸுஹூர், முழங்கை வரை மாவும் தேனுமாக, பூப்போல முறுக்கிய மாவை எண்ணெயிலிருந்து எடுத்துத் தேனில் போட்டுக்கொண்டிருந்தாள். வட்ட முகம், எதற்கும் சிரிக்கத் தயாரான கண்கள்.

"வாங்க லல்லா, வாங்க! நோன்பு இங்கதான் திறக்கணும். இந்தத் தடியரும்தான்."

"அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளக் குடுக்கட்டும்," என்றான் அய்யாஷி, தேன் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஃபாமா எதுவும் கேட்பதற்கு முன்னால் ஸுஹூரே கேட்டாள்.

"குடிலுக்குப் போனீங்களா? செடியெல்லாம் எப்படி இருக்கு? நல்லா வளந்துடுச்சா? அவர்கிட்டக் கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குறார், ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறார்."

அய்யாஷியின் வாய் திறந்து, ஒன்றும் வராமல் மூடியது. அவனுடைய வாழ்க்கையில் அபூர்வமான நிமிஷம் அது.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சாவி தொங்கியது. குடிலின் இரண்டாவது சாவி. ஃபாமா அதைப் பார்த்துவிட்டு, அலமாரியைப் பார்த்தாள். பச்சைப் பூ வரைந்த ஹரீரா கிண்ணங்கள் வரிசையாக நின்றன. வரிசையில் ஒன்றின் இடம் காலியாக இருந்தது.

"அழகான கிண்ணங்க. ஒண்ணு குறையுதே?"

ஸுஹூர் சட்டென்று எண்ணெய்ச் சட்டியின் பக்கம் திரும்பினாள். "அது எப்பவோ... நோன்போட இருக்கேன், லல்லா, அதக் கேக்காதீங்க."

"கேக்கல. ரஹீமோவோட புருஷன் காட்டுல ஒளிஞ்சிருந்த வருஷத்து ரமலான்லயா தொலைஞ்சுது?"

ஸுஹூர் எண்ணெயில் கிடந்ததைத் திருப்பிப் போட்டாள்.

"அவ பிள்ளைங்க மூணும் சின்னது," என்றாள் ஸுஹூர் திரும்பாமலே. "ஹாஜுக்குத் தெரிஞ்சா சண்டை வரும். மேலூரும் கீழூரும் அப்போ பேசிக்கிறதில்ல. தினம் ஹரீராவ வாசல்ல வச்சுட்டு, கதவத் தட்டிட்டு ஓடிடுவேன். பெருநாளுக்கு முந்தின நாள் கிண்ணத்த எடுக்க முடியல. அவளுக்கு யாருன்னு தெரியாது. தெரியக் கூடாது. நீங்க சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா வேற ஒண்ணு சொல்லியாகணும்." ஃபாமா அவள் பக்கத்தில் போய் நின்றாள். "சந்தை நாளன்னிக்கு ரஹீமோ இல்லாதப்போ, சாவிய எடுத்துட்டுப் போய், மேலூர்ச் செடிய எல்லாம் பெரிய தொட்டிக்கு மாத்தினீங்களா?"

"ஆமா!" ஸுஹூரின் முகம் மலர்ந்தது. "அந்தத் தொட்டி வீணாப் போகுதுன்னு அவர் தினம் புலம்புறார். நல்ல காட்டு மண்ணு, பழைய எரு, எல்லாம் நானே சலிச்சுப் போட்டேன். அதுல என் பங்கும் இருக்கு, லல்லா. என் பேர்லயே வந்த முதல் அனுமதி. என்னாச்சு?"

ஃபாமா சொன்னாள். செடிகள் சாவதையும், பழி ரஹீமோ மேல் விழுந்திருப்பதையும், ரஹீமோ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதையும். கரண்டி ஸுஹூரின் கையிலிருந்து தேனுக்குள் நழுவியது.

"அவ ஏன் நான் இல்லன்னு சொல்லல?"

"அத நானும் நோன்போட சொல்ல முடியாது," என்றாள் ஃபாமா. "ஹாஜ்கிட்ட நான் உங்க பேரச் சொல்லப் போறதில்ல. தொட்டி பத்தி மட்டும்தான் பேசுவேன். மிச்சம் உங்க இஷ்டம்."

*

சூரியன் இறங்க, மஃரிப் பாங்கு மலையில் எதிரொலித்தது. பேரீச்சம்பழம், பால், அவித்த முட்டை, ஆவி பறக்கும் ஹரீரா. அய்யாஷி முதல் கிண்ணம் முடியும்வரை மனிதனாகவே இல்லை. இரண்டாவது கிண்ணத்தில் மறுபடி பேசத் தொடங்கினான்.

"ஹாஜ், குத்தவாளியக் கண்டுபிடிச்சாச்சு. ஆறு கால். ஒரு கூட்டமே இருக்கு."

"விளையாடாதீங்க. ஆதாரம் கிடைச்சுதா, லல்லா?"

"கிடைச்சுது," என்றாள் ஃபாமா. "முதல்ல ஒரு கேள்வி. உங்க பிள்ளைங்களுக்குப் பெருநாள் சட்டை எந்த அளவுல வாங்குவீங்க?"

"ரெண்டு அளவு பெரிசாத்தான். வளர்ற பிள்ளைங்க."

"என் பொண்ணு ஒரு தடவ, இந்தச் சட்டைக்குள்ள நான் எங்க இருக்கேன்னு கேட்டா. உங்க செடிங்க அதத்தான் கேக்குது. எலுமிச்சை அளவு வேரு, வாளி அளவு மண்ணு. வேர் இல்லாத இடத்துல தண்ணிய யார் குடிப்பாங்க? அது அங்கயே நிக்கும். அதுவும் களி மாதிரி மண்ணு. வேருக்கு மூச்சு முட்டிப்போச்சு. சட்டை பெரிசா இருந்தா பிள்ளை தடுக்கி விழும், அவ்வளவுதான். செடி மூழ்கிடும்."

"அப்ப விஷம்..."

"தண்ணிதான் விஷம். ஒரு நாளைக்கு எத்தன தடவ ஊத்துறீங்க, ஹாஜ்?"

ஹாஜ் துஹாமி பால் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் காது மடல் சிவந்தது.

"காலையில ஒரு தடவ. மத்தியானம் லுஹருக்கு அப்புறம் ஒரு தடவ. அஸருக்கு அப்புறமும்... நமக்கே நாக்கு வறண்டு கிடக்கு, லல்லா. வாயில்லாப் பச்சைப் பிள்ளைங்க. மேல்மண்ணு காஞ்சிருந்தா என்னால பாக்க முடியல. நம்ம தாகம் நமக்கு, அதுங்களுக்கு எதுக்குன்னு..."

"ஊரே நோன்பு," என்றான் அய்யாஷி. "அதுங்கள மட்டும் நோன்பு பிடிக்க விடல நீங்க. செடிக்கும் ஒரு ரமலான் வேணும், ஹாஜ். கீழூர்ச் செடிங்க நோன்பு பிடிச்சு, ஒழுங்கா நோன்பு திறந்து, நல்லாத்தான் இருக்கு."

கூலி பேசி ஆள் கூட்டி வந்து, தேடச் சொன்ன ஆதாரம் தன் கையிலிருந்த நீர்வாளியில்தான் இருந்தது என்பதை ஜீரணிக்க ஹாஜுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆனா, பெரிய தொட்டிக்கு மாத்தினது அவதானே? தப்புன்னு தெரிஞ்சே மாத்தினாளா?"

அடுப்படி வாசலில் ஸுஹூர் நின்றாள்.

"அவ மாத்தல. நான்தான். நீங்க புலம்புறதப் பாத்துத் தாங்காம." அவள் தலைத்துணியால் கண்ணைத் துடைத்தாள். "அந்தப் பொண்ணு மேல ஒரு வார்த்தை எழுதினீங்கன்னா, கீழ என் பேரையும் எழுதுங்க. அதுக்குக் கீழ உங்க பேரையும்."

ஹாஜ் மனைவியைப் பார்த்தார். அப்புறம் தன் கைகளைப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான்.

"அஸ்தக்ஃபிருல்லாஹ். நீ சட்டை மாட்டி விட்ட, நான் குளிப்பாட்டிக் கொன்னேன்." அவர் எழுந்தார். "நான் இப்பவே போய் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

ஃபாமா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கீழே, சரிவில், குடிலுக்குள் ஒரு கைவிளக்கு மெல்ல நகர்வது அவளுக்கு மட்டும் தெரிந்தது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு. மறுபடி வலப்பக்கத்துக்கு.

"உட்காருங்க, ஹாஜ். கிண்ணத்த முடிச்சுட்டுப் போகலாம். அதுக்குள்ள ஒரு கதை சொல்றேன். என் முதல் வழக்கு. ஒரு கோவேறு கழுதை, காப்பீடு வாங்கிக்கிட்டு மூணு தடவ செத்துப்போன கதை."

அய்யாஷி பாதி கடித்த ஷெபாக்கியாவோடு நிமிர்ந்தான். எத்தனையோ பயணத்தில் ஃபாமா அவனுக்கு ஒரு கதையும் சொன்னதில்லை. கேட்டால், ரோட்டைப் பார்த்து ஓட்டு என்பாள். அவன் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்க்கப் போனான். ஃபாமா அவன் வாயில் இன்னொரு ஷெபாக்கியாவை வைத்து, தலையைத் திருப்பிவிட்டாள்.

"முதல் தடவ அது செத்தது," என்று ஆரம்பித்தாள் ஃபாமா நிதானமாக, "ஒரு கல்யாணத்துல."

*

மேலே அந்த வீட்டில் தன் மேலிருந்த பழி நீங்கிவிட்டது என்று ரஹீமோவுக்குத் தெரியாது. ஒரு பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, தொழுதுவிட்டு அவள் வேலையில் இறங்கியிருந்தாள்.

கீழூர் வரிசையின் கடைசியில் நின்றது அவளுடைய சொந்தப் பங்கு. ஒவ்வொரு தொட்டியாக எடுத்தாள். நீல நூலை அவிழ்த்தாள். சிவப்பு நூலைக் கட்டினாள். மேலூர் வரிசையில், நாளை ஆய்வாளர் பார்க்கப்போகும் ஸுஹூரின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். ஸுஹூரின் செடிகளில் வேர் நுனி இன்னும் வெள்ளையாக இருந்தவற்றைக் களிமண்ணிலிருந்து விடுவித்து, கழுவிய நார்த்தூளில், சின்னத் தொட்டியில், ஒரு கிண்ணம் அளந்து நட்டாள். அவை பிழைத்தால் பிழைக்கும். அவற்றுக்கு நீல நூல் கட்டித் தன் பங்கின் இடத்தில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றவில்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு கிண்ணத்தை எடுத்து வாய்க்காலுக்குப் போனாள். மண் போகக் கழுவினாள். பச்சைப் பூ விளக்கு வெளிச்சத்தில் புதுசு போலத் தெரிந்தது. இடுப்புத் துணியால் துடைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சரிவில் ஏறினாள்.

ஹாஜ் வீட்டு அடுப்படியின் பின்வாசல் சாத்தியிருந்தது. உள்ளே கழுதை இரண்டாவது தடவை செத்துக்கொண்டிருந்தது. ஸுஹூரின் சிரிப்புச் சத்தம் எல்லார் சத்தத்துக்கும் மேலே கேட்டது. ரஹீமோ படியில் கிண்ணத்தை வைத்தாள். கையை உயர்த்தினாள், தட்டவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர மண்ணில் சத்தமில்லாமல் இறங்கிப் போனாள்.